மருந்துக்கு ஒரு பெயர்

நல்லூர்க் கந்தனுக்குப் பெயர்கள் பல. கந்தன், குமரன், வேலன், ஆறுமுகன், கடம்பன், கார்த்திகேயன் என்று எப்பெயரைச் சொல்லி அழைத்தாலும் அடியவர் நெஞ்சில் தோன்றுபவன் ஒருவனே. தெய்வத்துக்குப் பெயர் பெருகுவது பக்தியின் வளத்தைக் காட்டும். மருந்துக்குப் பெயர் பெருகுவதோ அத்தகையதன்று. ஒரே மருந்து பத்துப் பெயர்களில் உலவுமாயின், வைத்தியர் எழுதிய மருந்து களஞ்சியத்தில் இல்லையென்று சொல்லப்படும். ஆனால், அதே மருந்து வேறொரு பெயருடன் அடுத்த தட்டிலே இருக்கும். நோயாளி வெறுங்கையுடன் வீடு திரும்புவார். இரு பெட்டிகளில் உள்ளவை இரு மருந்துகள் என்று எண்ணி, ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்டு இடருறுவோரும் உளர். ஆகவே, மருந்துகளின் பெயரையும் அளவையும் அடையாளத்தையும் யாவர்க்கும் பொதுவாக வகுத்துக்கொள்வது கணக்கெழுதுவோருக்கு மட்டும் உரிய வேலையன்று; அது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

அடையாளம் என்றால் என்ன என்பதை நல்லூர் வீதியிலேயே கண்டுகொள்ளலாம். 25 நாள் நடைபெறும் திருவிழாவின்போது கூட்டத்தில் ஒரு குழந்தை தாயின் கையை விட்டுப் பிரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'குமரன் என்ற பிள்ளையைக் காணவில்லை' என்று ஒலிபெருக்கியிலே சொன்னால் மட்டும் போதுமா? முருகன் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் அவ்வீதியில் எத்தனை பேர்! ஆதலின், பெயருடன் வயதும், ஊரும், தந்தை பெயரும், உடுத்திருந்த உடையின் நிறமும் சேர்த்தே அறிவிப்பார்கள். அத்தனையும் சேர்ந்த பின்னரே அது ஒரு குறிப்பிட்ட குழந்தையைச் சுட்டும்.

மருந்தின் செய்தியும் இதுவே. 'பரசிற்றமோல்' என்பது பெயர் மட்டுமே. அது குளிசையா, பாணியா, ஊசி வழி ஏற்றும் திரவமா? குளிசையாயின் 500 மில்லிகிராம் கொண்டதா, வேறு அளவினதா? ஓர் அட்டையில் எத்தனை குளிசைகள், ஒரு பெட்டியில் எத்தனை அட்டைகள்? செய்தவர் யார்? எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது? எந்நாள் வரை உண்ணத் தக்கது? இவ்வினாக்கள் அனைத்துக்கும் எல்லா இடத்திலும் ஒரே முறையில் எழுதப்பட்ட விடை இருந்தாலன்றி, ஒரு மருந்தை மற்றொன்றினின்று பிரித்தறிதல் இயலாது.

இந்தச் சிக்கல் மேனாட்டு மருந்துகளுடன் வந்ததன்று. நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட யாழ்ப்பாண மன்னர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கினர். அப்பெயர்களாலேயே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் வைத்திய நூல்கள் வழங்குகின்றன. 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றிய பின்னரும் இவை ஏடுகளில் வாழ்ந்தன. ஏழாலையைச் சேர்ந்த வைத்தியர் ஐ. பொன்னையபிள்ளை அவ்வேடுகளைத் தேடித் தொகுத்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றினார். தலைநோய், கருவுற்றார் நோய், குழந்தை நோய் என நோய்களை வகைவகையாகப் பிரித்துக் குணமும் மருந்தும் கூறுகிறது பரராசசேகரம்.

இத்தகைய நூலைக் கையிலெடுக்கும் வைத்தியருக்கு முதலில் எழும் கேள்வி பெயரைப் பற்றியதே. கரிசலாங்கண்ணி என்பதும் கையாந்தகரை என்பதும் ஒரே மூலிகை. சீந்திலும் அமிர்தவல்லியும் ஒன்றே. இவற்றை அறியாதவன் கையிலுள்ள மூலிகையை விட்டுவிட்டுக் காட்டிலே தேடுவான். இதற்கென்றே நிகண்டுகள் எழுந்தன. ஒரு பொருட்குரிய பல பெயர்களையும் ஓரிடத்திலே தொகுத்து வைத்த நிகண்டு, இக்காலத்தார் கணினியில் அமைக்கும் பெயர்ப் பட்டியலுக்கு முன்னோடி எனலாம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகு என்றும், கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் திரிபலை என்றும் தொகைப்பெயரிட்டு அழைத்ததும் அத்தகைய ஒழுங்கின் பயனே. திரிகடுகு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், மூன்று சரக்குகளின் பெயரும் பிழையின்றி மனத்தில் வந்து நிற்கும்.

அடுத்த கேள்வி அளவைப் பற்றியது. குன்றிமணி, பணவெடை, கழஞ்சு, பலம் என்னும் நிறைகளும், உழக்கு, நாழி, படி என்னும் முகத்தலளவைகளும் ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டன. ஓர் ஊர்ப் பலத்துக்கு எழுதிய முறையை மற்றோர் ஊர்ப் பலத்தால் நிறுத்தால் மருந்தின் வீரியம் மாறும். ஏடெழுதுவோன் ஒரு குறியை மாற்றி எழுதிவிட்டாலோ பிழை தலைமுறை தலைமுறையாகத் தொடரும். காவியத்திலே பாடபேதம் நேர்ந்தால் பொருள் மாறும். வைத்திய ஏட்டிலே நேர்ந்தால் உயிர் போகவும் கூடும். 1822ஆம் ஆண்டில் நல்லூரிலே பிறந்த ஆறுமுக நாவலர், பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தமான பாடத்தை அச்சிடுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைத் தம் பதிப்புக்களால் தமிழுலகுக்குக் காட்டினார். மருந்துப் பெயர்களுக்கும் அத்தகைய ஒப்புநோக்கல் வேண்டும் என்பதே இங்கு கருதத்தக்கது.

நாவலர் பிறந்த அதே ஆண்டில் அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த வைத்தியர், நல்லூருக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடனே அவர் முன் நின்ற தடை பெயர்த் தடையே. ஆயிரக்கணக்கான உறுப்புக்கள், நோய்கள், மருந்துகள் ஆகியவற்றுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? ஒருவர் ஒரு சொல்லையும் மற்றொருவர் வேறொரு சொல்லையும் ஆண்டால் மாணவன் குழம்பிப் போவான். ஆகவே, வழக்கிலுள்ள தமிழ்ச் சொல் கிடைப்பின் அதனையும், கிடையாவிடின் வடசொல்லையும், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இணங்க எழுதியும் கையாளும் முறையை அவர் வகுத்துக்கொண்டார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் இவ்வாறு வெளிவந்தன. அருஞ்சொற்றொகுதிகளும் அச்சாயின. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அவர் ஆக்கிய சொற்கள் யாவும் நிலைபெற்றன என்று கூறுவதற்கில்லை. ஆயினும், முதலிலே பெயரை ஒழுங்குசெய்து, அதன் பின்னரே மருந்தைக் கையாள வேண்டும் என்ற அவருடைய நெறி என்றும் பொருந்துவது.

இருபதாம் நூற்றாண்டில் மருந்து பெரும் வாணிகமாயிற்று. ஒவ்வொரு கம்பனியும் தான் செய்த மருந்துக்குக் கவர்ச்சியான ஒரு வணிகப்பெயரைச் சூட்டியது. அதனோடு, பொதுவாக வழங்கிய பெயர்களே நாட்டுக்கு நாடு வேறுபட்டன. இலங்கையிலே பரசிற்றமோல் எனப்படுவது அமெரிக்காவிலே அசெற்றமினோபின் எனப்படும். ஆஸ்துமா நோயாளர் அறிந்த சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றரோல் ஆகும். இக்குழப்பத்தைத் தீர்க்கக் கருதி உலக சுகாதார நிறுவனம் 1950ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் எவர்க்கும் சொந்தமில்லாத ஒரு சர்வதேசப் பொதுப்பெயரை வழங்குவதே அத்திட்டம். அதன் முதற்பட்டியல் 1953இல் வெளிவந்தது. இப்பெயர்கள் மனம்போனபடி இடப்படுவன அல்ல. அமொக்சிசிலின், அம்பிசிலின் என்பவற்றின் ஈற்றிலுள்ள 'சிலின்' பென்சிலின் இனத்தைக் காட்டும். அற்றெனோலோல், புறொப்பிறனோலோல் என்பவற்றின் 'ஓலோல்' வேறோர் இனத்தைக் காட்டும். பென்சிலின் ஒவ்வாதவர் ஒருவருக்குப் புதிய மருந்தொன்று தரப்படும்போது, அதன் ஈற்றசையே வைத்தியருக்கு எச்சரிக்கையாக அமையும். வணிகப்பெயரில் இந்த உதவி கிடையாது.

இப்பொதுப்பெயரின் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்க பரசிற்றமோலின் உச்ச அளவு பொதுவாக 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. காய்ச்சல் கண்ட ஒருவர் பனடோல் என்று எழுதிய அட்டையிலிருந்து ஒரு வேளைக்கு இரண்டாக நான்கு வேளை உண்கிறார். தடிமனுக்கென்று கடையில் வாங்கிய வேறொரு குளிசையையும் அதனுடன் சேர்த்துக்கொள்கிறார். தடிமன் குளிசைகள் பலவற்றுள்ளும் பரசிற்றமோல் உண்டு. பெட்டியின் பெரிய எழுத்தை மட்டும் பார்த்தவர் இரண்டும் வெவ்வேறென்றே நினைப்பார். அவருடைய ஈரலோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அளவு மீறினால் ஈரல் சிதைவுறும். பெட்டியின் சிறிய எழுத்திலே உள்ள பொதுப்பெயரை வாசித்திருந்தால் இந்த இடர் நேராது.

இலங்கையில் இப்பொதுப்பெயர் நெறியை அரசின் கொள்கையாக்கிய பெருமை பேராசிரியர் சேனக பிபிலேக்கு உரியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கற்பித்த அவர், அரசாங்க வைத்தியசாலைகளுக்கு இன்றியமையாத மருந்துகளைப் பொதுப்பெயரால் வரிசைப்படுத்தும் பணியில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஈடுபட்டார். 1971இல் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதன் முதல் தலைவரும் அவரே. நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்து வகைகளை ஆராய்ந்து, அவற்றுள் இன்றியமையாதவை ஏறத்தாழ 600 என்று வரையறுத்தனர். அம்மருந்துகளுக்குப் பொதுப்பெயரில் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. வணிகப்பெயரில் கேட்டால் ஒருவரே விற்பார், பொதுப்பெயரில் கேட்டால் பலர் போட்டியிடுவர், விலை இறங்கும். பெயரை மாற்றியதே நாட்டின் பணத்தைக் காத்த விதம் இது. 1977ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலே மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

பெயர் ஒழுங்கான பின்னரும் வேலை முடிந்துவிடுவதில்லை. மருந்தின் பயணம் நீண்டது. தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கும், அங்கிருந்து கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கற் பிரிவின் களஞ்சியங்களுக்கும், பின்னர் போதனா வைத்தியசாலைகளுக்கும் மாவட்டந்தோறும் உள்ள பிராந்தியக் களஞ்சியங்களுக்கும், இறுதியில் சிறிய கிராமத்து வைத்தியசாலையின் அலமாரிக்கும் அது வந்து சேர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதனைப் பதிகிறார். ஒவ்வொருவரும் தத்தம் வழக்கப்படி பதிந்தால் என்ன நேரும்?

ஒருவர் 'நூறு' என்று எழுதுகிறார். அது நூறு குளிசைகளா, நூறு அட்டைகளா, நூறு பெட்டிகளா? அட்டைக்குப் பத்துக் குளிசையும் பெட்டிக்குப் பத்து அட்டையும் ஆயின், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நூறு மடங்கு வேறுபாடு. மற்றொருவர் காலாவதித் திகதியை 03-04-2027 என்று எழுதுகிறார். இலங்கையருக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கோ மார்ச் 4. இன்னொருவர் மைக்கிரோகிராமைச் சுருக்கி எழுத, வாசிப்பவர் மில்லிகிராம் என்று கொள்கிறார். அளவு ஆயிரம் மடங்காகிவிடும். யாழ்ப்பாணத்தார் 'பரசிற்றமோல்' என்று எழுத, தமிழகத்தார் 'பாராசிட்டமால்' என்று எழுதுகின்றனர். மனிதர் இரண்டையும் ஒன்றென்று அறிவார். கணினிக்கு எழுத்து மாறினால் பொருளும் வேறு. கணக்கிலே இரு வரிகள் தோன்றும். ஒன்றில் கையிருப்பு ஏதுமில்லை என்றிருக்கும்; மற்றதில் பத்தாயிரம் குளிசைகள் காலாவதியை எதிர்நோக்கிக் கிடக்கும்.

இக்குறையை நீக்கவே பெயருக்குப் பதிலாக எண்ணைப் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. பொருள்களின் மீது தடித்தும் மெலிந்தும் அச்சிடப்படும் கோடுகளைப் பலரும் கண்டிருப்பர். 1974ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஒரு கடையிலே சுவிங்கம் பொதியொன்றின் கோடுகளை இயந்திரம் முதன்முதலாக வாசித்தது. அக்கோடுகளின் கீழே பெரும்பாலும் பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். 479 என்று தொடங்கினால் அவ்வெண் இலங்கையில் வழங்கப்பட்டது. 890 என்றால் இந்தியாவில் வழங்கப்பட்டது. பொருள் செய்யப்பட்ட நாட்டை அது காட்டுவதில்லை. எண்ணை வழங்கிய அமைப்பு உள்ள நாட்டையே காட்டும். இறுதி இலக்கம் காவற்காரனைப் போன்றது. அதற்கு முந்திய பன்னிரண்டு இலக்கங்களையும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, அத்தொகையைப் பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டுமோ அதுவே கடைசி இலக்கமாக இடப்படும். ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்தாலும் கணக்குப் பொருந்தாது. இயந்திரம் உடனே மறுத்துவிடும். ஏடெழுதுவோனுக்கு அந்நாளிலே இத்தகைய காவல் இருந்திருக்குமாயின் எத்தனையோ பாடபேதங்கள் தோன்றியிரா.

மருந்துப் பெட்டிகளிலோ இப்போது கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் நிறைந்த சிறிய சதுரமொன்று அச்சிடப்படுகிறது. பொருளின் எண், தொகுதி எண், காலாவதித் திகதி, சில நாடுகளில் ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய தனி எண் ஆகிய யாவும் அச்சதுரத்தினுள் அடங்கும். திகதி எழுதும் முறையும் அங்கு ஒன்றே: ஆண்டு முன்னும், மாதம் அடுத்தும், நாள் இறுதியும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வைத்தியச் சீட்டின்பேரில் வழங்கும் மருந்துகளுக்கு 2019ஆம் ஆண்டு முதல் இது கட்டாயமாயிற்று.

தொகுதி எண்ணால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 2022ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் நஞ்சு கலந்த நான்கு பாணி மருந்துகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். எஞ்சிய போத்தல்களைத் தேடி, தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று மருந்தைத் திரட்ட வேண்டியதாயிற்று. எந்தத் தொகுதி எந்தக் களஞ்சியத்துக்குப் போனது என்பதை ஒரே முறையில் எழுதி வைத்திருந்தால், அத்தகைய வேளையில் நாள்கணக்கிலான தேடல் நாழிகைக் கணக்கில் முடியும். அந்த இடைவெளியிலே ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

நன்கொடையாக வரும் மருந்துகளிலும் இவ்வுண்மை விளங்கும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்துக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்தது. அவற்றில் நூற்றுக்கு 60 அந்நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இல்லாதவை. நூற்றுக்கு 70 அவ்வூரார் அறியாத மொழியில் பெயரெழுதப்பட்டவை என்று பின்னர் நடந்த ஆய்வு கூறியது. அன்புடன் அனுப்பியவற்றில் ஒரு பகுதி எரிக்கப்பட வேண்டிய குப்பையாயிற்று. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கடல் கடந்து வாழ்வோர் பலர் மருந்துகளை அனுப்பினர். அத்தகைய உதவி பயன்பட வேண்டுமாயின், பெட்டியின் மேல் பொதுப்பெயரும் அளவும் காலாவதியும் தெளிவாக இருத்தல் வேண்டும். பெறுவோர் கேட்ட பட்டியலிலே அம்மருந்து இருத்தலும் வேண்டும்.

ஆயினும் எண்ணும் கோடும் சதுரமும் தாமே எதையும் செய்துவிடமாட்டா. எண் என்பது திறவுகோல். திறக்கப்படும் பெட்டகம் பதிவேடு. அப்பதிவேட்டிலே பெயரும் அளவும் பொதியும் பிழையாக எழுதப்பட்டிருந்தால், இயந்திரம் அப்பிழையை முன்னிலும் விரைவாகப் பரப்பும். இலங்கையிலே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையே மருந்துகளைப் பதிவுசெய்யும் பொறுப்புடையது. அச்சபையின் கணினித் தரவுகளில் ஒரு பகுதி 2021இல் அழிந்துபோன செய்தி நாட்டிலே பெருங்கவலையை உண்டாக்கியது. ஓர் ஏட்டுக்கு ஒரு படியாவது எழுதி வேறோர் இல்லத்திலே வைத்த முன்னோரின் எச்சரிக்கை, கணினி ஏட்டுக்கும் வேண்டியதே.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களும் இல்லாமலில்லை. பொதுப்பெயர் ஒன்றாயினும் செய்வோர் பலராதலின், தரம் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உறுதி என்ன என்று வைத்தியர் சிலர் கேட்கின்றனர். அது தக்க கேள்வியே. அதற்கு விடை, பெயரைப் பலவாக்குவதன்று; தரத்தைச் சோதிப்பதே. சிறிய மருந்துக்கடைக்காரர் புதிய கருவிகளுக்குச் செலவிட இயலாது என்பதும் மெய்யே. ஆனால், ஒழுங்கின் தொடக்கம் கருவியில் இல்லை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிராமத்திலும் உள்ளவர்கள் 'இதை இவ்வாறே எழுதுவோம்' என்று உடன்படுவதே தொடக்கம். அதற்கு ஒரு பேனையும் ஒரு பட்டியலும் போதும்.

அந்த உடன்பாட்டிலே வீட்டாருக்கும் பங்குண்டு. குளிசை அட்டையை வெட்டும்போது பெயரும் திகதியும் உள்ள பகுதியைக் கடைசி வரை வைத்துக்கொள்ளல் வேண்டும். வீட்டு முதியவர் நாள்தோறும் உண்ணும் மருந்துகளின் பொதுப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, வைத்தியரிடம் செல்லும்போதெல்லாம் கொண்டுசெல்ல வேண்டும். 'வெள்ளைக் குளிசை', 'இரவுக் குளிசை' என்று சொல்வது அடையாளமாகாது. வெள்ளைக் குளிசைகள் ஆயிரம். திருவிழாக் கூட்டத்திலே பிள்ளையைத் தேடும் தாய், பெயரையும் ஊரையும் உடையையும் ஒன்றுவிடாமற் சொல்கிறாள். அந்தக் கவனம் வீட்டு மருந்துப் பெட்டியிலும் களஞ்சியத்துப் பதிவேட்டிலும் ஒருங்கே அமையுமாயின், வேண்டிய மருந்து வேண்டியவர் கையை வேண்டிய வேளையில் வந்தடையும்.